சாமை வெளையுமா?

பிபிசி தமிழோசை நம்ம நேரப்படி இரவு 9.15க்கு வரும். அரை மணி நேரம்தான். செய்தி, ஒரு பேட்டி, ஏதாவது ஒரு தொடர், வாரம் ஒருமுறை ‘அனைவர்க்கும் அறிவியல்’. 1941 மே 3ஆம் தேதி லண்டனில் தொடங்கிய ஒலிபரப்பு. ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர் இலங்கைக்காரரான சோ. சிவபாதசுந்தரம், ‘ஒலிபரப்புக் கலை’ என்று தமிழில் ஒரு புத்தகமே எழுதியவர். 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு வானொலியில் அது நின்றுபோனது. அப்போது பழைய நேயர்கள் பலர் தங்கள் நினைவுகளை எழுதினார்கள். நான் எழுத வந்தது நேயர் கணக்கில் வராத ஒருவரைப் பற்றி. பல வருஷம் அந்த நிகழ்ச்சியை ஒருமுறைகூட நேராகக் கேட்காமல், ஆனால் விடாமல் பின்தொடர்ந்த என் அம்மாவைப் பற்றி.

எங்கள் ஊர் கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளத்தில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவில் ஒரு மலை நின்றால் அவ்வளவுதான். சிற்றலை அப்படியில்லை. உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மேலேயிருந்து இறங்கும். கடைசி பஸ் போன பிறகும் லண்டன் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. பெரியப்பா வீட்டில் இருந்தது. பலாமரத்தில் கட்டிய செம்புக் கம்பிதான் ஏரியல். ஒன்பது மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் ஆம்பளைங்க கூடிவிடுவார்கள். பொம்பளைங்க யாரும் வரக்கூடாது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனால் யாரும் வந்ததில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்குப் பாத்திரம் கழுவுவது, மறுநாளைக்குச் சாமை குத்துவது என்று வேலை மிச்சமிருக்கும். அப்போதே காடெல்லாம் மரவள்ளி ஆகிக்கொண்டிருந்தது. இருந்தும் எங்கள் வீட்டில் கொஞ்சம் சாமை உண்டு. உரல் சத்தம் ரேடியோவைக் கெடுக்கிறது என்று பெரியப்பா ஒருநாள் குரல் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா 9.15க்கு உலக்கையைச் சாத்திவிட்டு, 9.45க்கு மறுபடி எடுப்பாள். அந்த அரை மணி நேரம் அவளுக்கும் நிகழ்ச்சிதான், சத்தம் மட்டும் கிடையாது.

நான் சின்னப் பிள்ளை என்பதால் திண்ணையில் உட்காரலாம். முடிந்ததும் ஓடிவந்து அம்மாவிடம் சொல்லணும். “என்ன சொன்னாங்க கண்ணு?” என்பாள், குத்திக்கொண்டே. மறுபடி போட்டுக் கேட்க வழியில்லாத காலம். ஒருதடவை காதில் விழுந்ததை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளணும். பென்குயின், பழைய கல்வெட்டு, இதய மாற்று அறுவை சிகிச்சை என்று எது வந்தாலும் வாசலைத் தாண்டுவதற்குள் மனசுக்குள் வரிசைப்படுத்திவிடுவேன். இன்றைக்கு நான் எழுதுவதற்குப் பயிற்சி எங்கே என்று யாராவது கேட்டால், அந்த அம்பதடி தூரத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் நிகழ்ச்சியின் நல்ல பாதி அதற்குப் பிறகுதான் தொடங்கும். அம்மா கேள்வி கேட்பாள். 2008 அக்டோபர் 22ஆம் தேதி சந்திரயான்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்தவர். திண்ணையில் எல்லோரும் எவ்வளவு செலவு, எத்தனை நாள் பயணம் என்று பேசினார்கள். அம்மா உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அங்க மண்ணு இருக்குதா?” இருக்கு என்றேன். “அதுல சாமை வெளையுமா?”

ரேடியோவில் அதைச் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. திண்ணையில் கேட்டேன்; சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண் என்றதும் விளைச்சலைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பிறகு நான் வயசுக்கு வந்தேன். திண்ணை நின்றுபோனது. இதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி போனான். வந்து, “ஒண்ணுமில்ல, செய்திதான்” என்பான். ஒரு மாசம் அப்படி ஓடியது. ‘அனைவர்க்கும்’ என்று அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள்; அந்த வார்த்தை எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷம் மிளகு விற்ற காசில் அம்மா செம்மேட்டுக்குப் போய் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வந்தாள். அப்பாவிடம் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பங்கரையில் வைத்து நான் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் அசையாமல் கேட்டாள். முடிந்ததும், “நீ சொல்றப்ப இதவிட நல்லா இருந்துச்சு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இவங்ககிட்ட கேள்வி கேக்க முடியல பாரு” என்றாள்.

இப்போது அவளிடம் போன் இருக்கிறது. வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கிறாள். நடுவில் என்னை மாதிரி ஆள் தேவையில்லை. அது அவளுக்கு நல்லதுதான். ஒருவர் உலகத்தைத் தெரிந்துகொள்ள மகள் திண்ணைக்குப் போய்வர வேண்டியிருப்பது பெருமையான விஷயமில்லை. ஆனாலும் இரவு 9.45 ஆனால், ஊர் விட்டு ஊர் வந்த இந்த அறையில், சொல்ல ஏதோ பாக்கி இருப்பதுபோல எனக்கு இன்னும் தோன்றும்.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய அன்று அவளே கூப்பிட்டாள். “சேதி தெரியுமா? நெலா மண்ணு நம்ம நாமக்கல் மண்ணு மாதிரிதானாம்.” உண்மைதான். எங்கள் மாவட்டத்தின் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற பாறை இருக்கிறது; நிலவின் மேட்டு நிலப் பாறையோடு ஒத்த வகை. அதைப் பொடித்து, செயற்கை நிலா மண்ணாக்கி, அதில்தான் இஸ்ரோ தன் தரையிறங்கு கலத்தைச் சோதித்தது. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக ரேடியோவின் பக்கம் அவள் இருந்தாள்.

பிறகு நான் ஒன்று சொன்னேன். 2022இல் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், அப்பல்லோ பயணங்களில் கொண்டுவந்த நிஜ நிலா மண்ணில் விதை போட்டார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடி. முளைத்தது. வளர்ச்சி மந்தம், வேர் சரியாக ஓடவில்லை, சிலதில் இலை கறுத்தது. ஆனால் முளைத்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“கடுகு சரி. சாமை போட்டாங்களா? அது தண்ணி கம்மியா இருந்தாலும் தாங்கும். கேட்டுச் சொல்லு.”