அத்தையைப் பேட்டி கண்டேன்!

"நாற்பது வயசுல என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு? அதுவும் மனசைப் பத்தி! இந்த வீட்டுல யாருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு?"

2016-இல் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்தபோது என் மாமியார் கேட்ட கேள்வி இது. இரண்டாம் வருஷம் தொழில் மற்றும் நிறுவன உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்ததும் என் கணவருக்கும் சிரிப்பு. "ஃபாக்டரி நடத்தப் போறியா?" என்றார்.

நான் பதில் பேசவில்லை. எனக்குள் ஒரு பழைய காயம் இருந்தது. பெரியவள் பிறந்த பிறகும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆறு மணிக்கு மேலும் இருக்கச் சொல்வார்கள். வீட்டில் குழந்தை அழும். கடைசியில் வேலையை விட்டேன். "உனக்குச் சாமர்த்தியம் போதாது" என்றார்கள் எல்லாரும். பதிமூன்று வருஷம் நானும் அப்படியே நம்பினேன்.

ஒருநாள் பாடத்தில் 'பங்கு முரண்பாடு' என்ற தலைப்பு வந்தது. ராபர்ட் கான் என்பவரும் சகாக்களும் 1964-இல் எழுதிய நூலில் விளக்கியது. ஒருவரிடம் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாததை எதிர்பார்த்தால் அவர் திணறத்தான் செய்வார். கோளாறு வேலையின் அமைப்பிலும் இருக்கலாம். எல்லாம் ஆளின் குறையல்ல. அன்று துணி மடித்துக்கொண்டே அழுதேன். பாரம் இறங்கிய அழுகை அது.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பெண்மணி. 12 பிள்ளைகளைப் பெற்றவர்! 1914-இல் நிர்வாக உளவியல் பற்றி அவர் எழுதிய நூலில், எழுதியவர் பெண் என்று தெரியாதபடி இனிஷியலோடு பெயர் போட்டார்கள். 1924-இல் கணவர் இறந்த பிறகு சமையலறை வேலையை ஆராய்ந்தார். காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத்தொட்டியும், ஃபிரிட்ஜ் கதவில் தட்டுகளும் அவர் யோசனை என்பார்கள். மேடையின் உயரம் வேலை செய்பவரின் உயரத்துக்குத் தக்கபடி இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இத்தனைக்கும் அவருக்குச் சமையல் அவ்வளவாக வராதாம்!

செய்முறைக்காக ஒரு வேலையை அலசி எழுத வேண்டியிருந்தது. அதில் என்னென்ன காரியங்கள், எவ்வளவு நேரம், என்ன திறமை, எது சிரமம் என்று எல்லாம் குறிக்க வேண்டும். நான் அத்தையின் காலைச் சமையலை எடுத்துக்கொண்டேன். நோட்டும் கையுமாக ஐந்து மணிக்கே போய் நின்றேன்.

"இந்த வேலையில உங்களுக்கு ரொம்பக் கஷ்டமானது எது அத்தை?"

கரண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகப்போகுது. இதை யாரும் கேட்டதில்லைம்மா" என்றார். பிறகு மெதுவாக, "மேடை உசரம். கிண்டிக் கிண்டித் தோள்பட்டை ராத்திரியெல்லாம் குத்துது. வயசாச்சு, நமக்குத்தான் தெம்பில்லைன்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. நான் சாமர்த்தியத்தைக் குறை சொன்னேன். அத்தை வயசைக் குறை சொன்னார். இருவருமே வேலையைப் பார்க்கவில்லை! அவர் குள்ளம், மேடையோ என் கணவர் உயரத்துக்குக் கட்டியது.

தச்சரிடம் சொல்லி நாலு விரல் உயரத்தில், ஆடாத அகலப் பலகை ஒன்று செய்தோம். அத்தை அதன்மேல் நின்று கிண்டுவார். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யும்படி மாற்றினோம். தண்ணீர்க் குடம் தூக்குவது என் கணவர் பொறுப்பு. வலி முழுவதும் போய்விடவில்லை, டாக்டரிடமும் காட்டினோம். ஆனால் ராத்திரி தூங்குகிறார்.

சகோதரிகளே, நீங்களும் ஒருநாள் உங்கள் வேலையை எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் உடம்பு நோகிறது, எந்த நேரத்தில் மனசு படபடக்கிறது என்று குறியுங்கள். 'எனக்கு முடியலை' என்பதற்கு முன், 'வேலை இப்படித்தான் இருக்க வேண்டுமா?' என்று ஒரு தடவை கேளுங்கள். படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சேதி: 2025 முதல் உளவியலைத் தொலைதூர முறையில் புதிதாகச் சேர்ப்பதை யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. கல்லூரிக்கு நேரில் போய்த்தான் படிக்க வேண்டும்.

2018-இல் பரீட்சை எழுதப் புறப்பட்ட அன்று அத்தை பலகைமேல் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தார். "நீ நிம்மதியா எழுதிட்டு வா. வீட்டை நாங்க பார்த்துக்கறோம்" என்றவர், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்:

"டேய், குடம் காலியா இருக்கு பாரு!"