கொம்பில் சுற்றிய குடல்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடையில் மகள் வாங்கியது ‘தி செர்பென்ட் அண்ட் தி விங்ஸ் ஆஃப் நைட்’. உயிரைப் பணயம் வைக்கும் போட்டி, நடுவே காதல். மெட்ரோ பையப்பனஹள்ளி வரும்வரை தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து முல்லைக்கலியை எடுத்தேன். 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளை அச்சேற்றிய கலித்தொகையின் 150 பாடல்களில் 17 பாடல்கள். காளையை அடக்குகிறவனுக்குத்தான் ஆயர்மகள். ஒருவனின் வயிற்றைக் காளை கிழித்துவிடுகிறது. கொம்பில் சுற்றிய தன் குடலையே அவன் பிடித்து இழுத்து மீட்கிறான். பரண்மேல் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன பாட்டு இது!

சத்தமாக வாசித்தேன். மகள் நாவலை மூடிவிட்டாள்.

“அந்தப் பொண்ணுக்குப் பயமா இருந்திருக்காதாப்பா?”

“இருந்திருக்கும் கண்ணு.” ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரை தமிழ்ச்சங்கத்துக்குப் போகிறோம். உரையோடு படிக்க வேண்டுமாம் அவளுக்கு.