கறுப்பு முகத்தில் வெளிச்சம்

பாளையங்கோட்டையில் கீழே ஜெராக்ஸ் கடையும் மேலே ஸ்டூடியோவுமாக இருக்கும் ஒரு கட்டடத்துக்குச் சில நாட்கள் போய் உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் பாஸ்போர்ட் சைஸ் வேலை ஓயாமல் நடக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு லைட், வெள்ளைத் திரை, “மோவாயத் தூக்குங்க”, முடிந்தது. நான் போனது உள்ளறைக்காக. அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு, பெண் பார்க்கும் படலம் என்று சட்டம் போட்டு மாட்டவும் கைமாற்றிப் பார்க்கவும் எடுக்கிற படங்கள் அங்கேதான் பிறக்கின்றன.

உள்ளறைச் சுவரில் வரிசையாக ஆணிகள். வெள்ளைக் குடை, உட்புறம் வெள்ளி பூசிய கறுப்புக் குடை, மடித்து வைத்த சாஃப்ட் பாக்ஸ்கள், நாலடி அகல எட்டுமூலைப் பாக்ஸான ஆக்டா, தாம்பாளம் போன்ற பியூட்டி டிஷ், துணியில் கட்டம் கட்டமாகத் தைத்த கிரிட். குடைகளையும் கிரிட்டையும் தவிர மற்ற சாமான்களுக்கெல்லாம் பின்னால் ஒரே அளவு இரும்பு வளையம்: போவென்ஸ் மவுன்ட். லண்டனில் 1923இல் தொடங்கிய போவென்ஸ் கம்பெனியை 2017இல் மூடிவிட்டார்கள். அதன் மூன்று பல் வளையத்தைச் சீனக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டதால், எந்தக் கடையில் வாங்கிய பாக்ஸும் அந்த வளையத்துக்கான எந்த லைட்டிலும் உட்கார்ந்துவிடுகிறது. “கம்பெனி போயிட்டு. பல்லு மட்டும் உசுரோட இருக்கு” என்றார் ஸ்டூடியோக்காரர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் காலை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மகளோடு வந்தார். நல்ல கறுப்பு. தடித்த கண்ணாடி, பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. மகள் உதவியாளர் தம்பியிடம் தணிந்த குரலில், “அப்பா கொஞ்சம் பளிச்சுனு வரணும்” என்றார். பளிச்சென்றால் என்ன என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி வெள்ளைக் குடையை மாட்டி, லைட்டைக் கூட்டி இரண்டு படம் எடுத்தான்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். “வெளுத்திருக்கு. சார் மூஞ்சி எங்க?”

அவர் கேட்டது சரிதான். வேட்டியின் மடிப்பெல்லாம் கரைந்து வெள்ளைப் பரப்பாகிவிட்டது. நெற்றியில் ஒரு வெண்புள்ளி. கன்னம் சாம்பல் நிறத்தில் தட்டையாகக் கிடந்தது. குடையிலிருந்து புறப்படும் வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. சுவர், கூரை, தரை எங்கும் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் நிழல் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நிரப்பிவிடும். சின்ன அறையில் இது இன்னும் மோசம். அண்ணாச்சி தன் சுவர்களுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்திருப்பதே இதனால்தான். முன்பு பச்சையாக இருந்ததாம். மணப்பெண்களின் தாடையில் பச்சை ஏறியதாம்.

தோல் வெளிச்சத்தை இரண்டு விதமாகத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே போய்ச் சிதறி, நிறத்தை ஏற்றுக்கொண்டு வெளியே வருவது ஒன்று. மேல்பரப்பிலேயே பட்டு வழுக்கி வரும் மினுக்கம் இன்னொன்று. சிவந்த தோலில் முதலாவது மிகுதி. கறுத்த தோல் உள்ளே போன வெளிச்சத்தில் பெரும்பங்கை வைத்துக்கொள்கிறது. ஆகவே கன்னத்தின் எலும்பையும் மூக்கின் மேட்டையும் எடுத்துக் காட்டுவது பெரிதும் மினுக்கம்தான். மினுக்கம் என்பது அந்த முகத்தில் தெரியும் விளக்கின் பிம்பம். சின்ன விளக்கு வைத்தால் சின்னப் புள்ளி. பெரிய பரப்பை வைத்தால் நெற்றியிலிருந்து கன்னம்வரை அகலமாக, படிப்படியாக மங்கிக்கொண்டு இறங்கும் ஒளி. கறுத்த முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது இரண்டாம் கேள்வி. எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. லைட்டைக் கூட்டி நிறத்தை ‘ஏற்றும்’ ஸ்டூடியோக்கள் இந்த முதல் கேள்வியைக் கேட்பதே இல்லை. மனிதரைச் சாம்பலாக்கி அனுப்பிவிட்டு, அதற்குக் காசும் வாங்குகிறார்கள்.

அண்ணாச்சி ஆக்டாவை மாட்டச் சொன்னார். உள்ளே ஒரு துணித் திரை, முகப்பில் இன்னொன்று. தம்பி அதை எட்டடி தள்ளி வைத்தான். அண்ணாச்சி ஸ்டாண்டைப் பிடித்து இழுத்து, ஆசிரியரின் முகத்துக்கு நாலடியில் நிறுத்தினார். “அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம். பின்னால போகப் போக பெரிய பாக்ஸும் சின்ன பாக்ஸாயிரும் பாத்துக்கிடுங்க.” தூரம் பாதியானால் முகத்தில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், அதனால் லைட்டை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்குக்கு, குறைத்தார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விளக்கு கிட்ட வந்ததால் தோலின் நிறம் நான்கு மடங்கு வெளிச்சம் பெறுகிறது. மினுக்கத்தின் பிரகாசம் தூரத்தைப் பொறுத்து மாறுவதில்லை, பரப்புதான் விரிகிறது. லைட்டைக் குறைத்ததும் நிறம் பழைய அளவுக்கு வந்து நிற்க, மினுக்கம் மட்டும் மெத்தென்று அடங்கிவிடுகிறது. நெற்றியின் வெண்புள்ளி போன வழி இதுதான். இதைக் கணக்காக எழுதினால் அண்ணாச்சி சிரிப்பார். “கிட்ட வை, கொற” என்பதே அவர் சூத்திரம்.

கிட்ட வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. விளக்குப் பக்கத்துக் காது வெளுக்க, மறு காது இருட்டில் போய்விடும். அதற்குத் தெர்மோகோல். கல்யாண மேடை அலங்காரத்தில் மிஞ்சிய பலகை ஒன்றை மறுபக்கம் சாய்த்து வைத்தார்கள். மூக்குக் கண்ணாடியில் ஆக்டாவின் வெள்ளை தெரிந்தது. விளக்கை உயர்த்தலாமென்றால் பத்தடிக் கூரை இடித்தது. அண்ணாச்சி ஆசிரியரின் காதுப் பக்கம் போய், “சார், ஒரு நிமிசம்” என்று கண்ணாடிக் காம்பை நூலளவு தூக்கி விட்டார். சில்லு கீழே சாய்ந்தது, வெள்ளை மறைந்தது. படத்தில் ஆசிரியர் கறுப்பாகவே இருந்தார். மேற்கன்னத்தில் ஒளி அகலமாக இறங்கியிருந்தது. மகள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதையே பெரிசா போடுங்க” என்றார்.

அப்படியானால் எல்லோருக்கும் ஆக்டாதானா என்று கேட்டேன். ஒப்பனை செய்யும் அக்கா குறுக்கே வந்தார். “கல்லு வச்ச நெக்லஸுக்கு ஆக்டா போட்டா செத்த கல்லுதான் தெரியும், சார்.” உண்மைதான். கல் ஜொலிக்க வேண்டுமானால் சின்ன, கூர்மையான விளக்கு வேண்டும். மணப்பெண் படத்தில் முகத்துக்கு ஆக்டா, கழுத்துக்குத் தனியாகக் கிரிட் மாட்டிய பியூட்டி டிஷ். கிரிட் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சிதறவிடாமல் ஒரு வழியில் அனுப்பும். அண்ணாச்சிக்கு டிஷ் முகத்தில் விழுவதே பிடிக்காது; அக்காவோ பவுடர் சரியாக இருந்தால் டிஷ்தான் அழகு என்கிறார். சித்திரை வெயிலில் மாடி ஏறி வேர்த்து வரும் பெண் விஷயத்தில் இந்தச் சண்டையில் ஜெயிப்பது பெரும்பாலும் அண்ணாச்சிதான்.

அண்ணாச்சியின் தகப்பனார் காலத்தில் ஸ்டூடியோவுக்குக் கண்ணாடிக் கூரை. வடக்குப் பக்கம் பார்த்தது. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்பது ஐரோப்பியப் பாடம். அங்கே உச்சிச் சூரியன் தெற்கைவிட்டு நகராது. திருநெல்வேலியில் அப்படியில்லை: சித்திரை தொடங்கி ஆவணிப் பாதி வரை உச்சிவெயில் வடக்கே சாய்ந்து நேராக உள்ளே இறங்கும். அந்த மாதங்களில் கூரைக்குக் கீழே வேட்டித் துணியை இழுத்துக் கட்டிப் படம் எடுத்திருக்கிறார்கள். அதுதான் அந்த ஸ்டூடியோவின் முதல் சாஃப்ட் பாக்ஸ். கேட்டபோது எனக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவின் நினைவு வந்தது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டை மழைக்குப் பயந்து ஸ்டூடியோவுக்குள் போட்டார்கள். முற்றத்துக்கு மேலே வானம் இல்லை. மித்ரா வெள்ளைத் துணியை வானமாக விரித்து, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். காசு கொடுத்து வாங்க ஒன்றும் கிடைக்காத காலத்தில் இரண்டு இடங்களிலும் கைக்கு வந்தது துணிதான்.

அண்ணாச்சி இன்றைக்கும் துணி விஷயத்தில் கறார். சாஃப்ட் பாக்ஸின் முகத்துணி நாள்பட்டால் மஞ்சளிக்கும். படமும் மஞ்சள் பூக்கும். இரண்டு பாக்ஸில் ஒன்றின் துணியை மட்டும் மாற்றினால் இரண்டு பக்கக் கன்னமும் இரண்டு நிறமாகிவிடும். பளீரென்று வெளுப்பேற்றிய புதுத் துணி வேறு தொல்லை: சில ஃப்ளாஷ்களின் புற ஊதாவில் அந்த வெளுப்பு நீலமாக ஒளிரும். ஆகவே ஒரே தானிலிருந்து வெட்டி, இரண்டையும் சேர்த்தே மாற்றுவார்.

தைக்கிறவர் டவுனில் இருக்கிறார். அண்ணாச்சியோடு நானும் போனேன். பழைய சாஃப்ட் பாக்ஸைப் பிரித்துத் தரையில் பரப்பி, எல்லா ஓரத்தையும் டேப்பால் அளந்துகொண்டிருந்தார். நாலு மூலையில் கம்பி நுழையும் பைகள்தான் கஷ்டம், அங்கேதான் கிழியும், அதனால் அங்கே மட்டும் பெல்ட் நாடா வைத்து இரட்டைத் தையல் போடுவதாகச் சொன்னார். வெல்க்ரோவை ஒட்டியது போதாது என்று அதற்கும் சுற்றித் தைக்கிறார். இந்த வேலை மாதம் எத்தனை வரும் என்றேன். “அண்ணாச்சி மாதிரி ரெண்டு மூணு பேருதான். மத்தவுகெல்லாம் கிழிஞ்சா ஆன்லைன்ல முழு பாக்ஸே வாங்கிருதாவ, நான் கேக்குற கூலிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல” என்றார். பிறகு அடுத்த மூட்டையைக் காட்டினார்: கல்யாண மண்டபத்து நாற்காலி உறைகள், வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். அண்ணாச்சியின் துணி அதற்கப்புறம்தான்.