நூற்றைம்பது பவுண்டு என்று போட்டிருந்தது

திருச்செங்கோட்டுக்காரனிடம் கம்ப்ரசரைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். முப்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி வைத்துப் பிழைத்தவன் நான். ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று எங்கள் ரிக்கு போகாத ஊர் குறைவு. அதில் ஏற்றியிருந்த கம்ப்ரசரை நாங்கள் ‘ஆயிரத்து நூறு முந்நூறு’ என்றுதான் சொல்வோம். நிமிடத்துக்கு 1,100 கன அடி (சி.எஃப்.எம்.) காற்றை 300 பவுண்டு அழுத்தத்தில் தள்ளும் என்று அர்த்தம். இரண்டு எண்ணையும் பிரித்துச் சொல்லும் வழக்கமே எங்களிடம் கிடையாது. குழிக்குள் ஹேமர் பாறையை இடிக்க அழுத்தம் வேண்டும். இடிந்த தூளையும் தண்ணீரையும் அறுநூறு அடியிலிருந்து மேலே வாரிக்கொண்டு வரக் காற்றின் அளவு வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லையென்றால் ஹேமர் குழிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அன்றைக்குச் சம்பாதித்ததும் அதோடு போச்சு.

அப்படிப்பட்டவன் கையில் என் மகன் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியைக் கொடுத்து, “கம்ப்ரசருங்கப்பா” என்றான். சிரித்தேன். சிரித்த வேகத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

2022 அக்டோபர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரம். மகன் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கியிருந்தான். அங்கே ஆர்.வி. என்பார்கள். ஃபோர்டு ஈ-450 சேஸிஸ் மேல் கட்டிய இருபத்தெட்டு அடி வண்டி. உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூஸ், குளிக்கும் அறை எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரி சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, வீட்டப் பூட்டிட்டுப் போறதுக்கு இன்னொரு வீடுங்களா?” என்றாள். நான் வழக்கம்போலக் குனிந்து டயரைப் பார்த்தேன். முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு. பட்டன் புதுசு மாதிரி இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண் 2311. 2011-ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்த டயர். பதினோரு வயது! மோட்டார்ஹோம் வருஷத்தில் முக்கால்வாசி நாள் நின்றுகொண்டே இருக்கிற வண்டி. அதன் டயர் தேய்ந்து சாகாது, நின்றே கிழடாகும். வெயிலில் ரப்பர் இறுகிப் பக்கமெல்லாம் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. கம்ப்ரசரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆறையும் மாற்று என்றேன். மாற்றினான். டயர் கடையில் சாயங்காலம் ஆறிலும் 80 பவுண்டு வைத்து அனுப்பினார்கள்.

கார் டயருக்கு முப்பத்திரண்டு, முப்பத்தைந்து போதும். இதற்கு ஏன் 80 என்று மகன் கேட்டான். அந்த வண்டி முழுப் பாரத்தோடு 6,577 கிலோ வரை போகலாம். பின்னால் ஜோடியாகப் போட்டிருக்கும் டயர் ஒவ்வொன்றும் 1,120 கிலோ தாங்கும், அதுவும் உள்ளே 80 பவுண்டு இருந்தால்தான். வழியில் ஒரு டிரக் ஸ்டாப்பில் எடை மேடை இருந்தது. அச்சு அச்சாகப் பிரித்து எடை போட்டு ரசீது தந்துவிடுவார்கள். தண்ணீர், துணிமணி, இவள் கட்டிக்கொண்டு வந்த பருப்புப்பொடி டப்பா உட்பட எல்லாம் சேர்த்துப் பின் அச்சு 4,200 கிலோ. ஒரு டயருக்கு 1,050. மிச்சம் எழுபதே கிலோ. பாரம் சுமப்பது ரப்பர் இல்லை, காற்று. இது லாரிக்காரனுக்குத் தெரியும். காருக்காரனுக்குச் சொன்னால்தான் புரியும்.

கிராண்ட் கேன்யன் போய் இரவு மேதர் கேம்ப்கிரவுண்டில் தங்கினோம். அங்கே வண்டிக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரையும் நினைத்த நேரத்தில் ஓட்டக் கூடாது. விடிந்ததும் ஒரு கட்டையை எடுத்து ஆறு டயரையும் தட்டிப் பார்த்தேன். ரிக்கு லாரியில் ஜாக்கி ராடால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்றுச் சொன்னவன் ஆச்சே! “கல்லு மாதிரி இருக்குது, எடுறா வண்டிய” என்றேன். மகன் பாக்கெட்டிலிருந்து கேஜை எடுத்து வைத்தான். 73. அடுத்தது 73. வலது பக்கம் உள் டயர் 58.

அந்த 58-ஐயும் நான் கல்லு மாதிரி என்றுதான் சொல்லியிருந்தேன். முற்றிலும் காற்றிறங்கிய டயரைத்தான் கட்டை காட்டிக்கொடுக்கும். பாதி இறங்கியதை அதனால் சொல்ல முடியாது. முப்பது வருஷம் எத்தனை டயரை இப்படிச் சர்டிபிகேட் கொடுத்து ஓட்டியிருப்பேனோ.

73-க்குக் காரணம் இருந்தது. ஃபீனிக்ஸில் காற்றுப் பிடித்தபோது வெயில் 32 டிகிரி, இங்கே விடியற்காலை 2 டிகிரி. குளிர்ந்த காற்று சுருங்கும். ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரம் என்றால் இது சுமார் 7,000 அடி. மேலே வெளிக்காற்று மெலிந்திருப்பதால் கேஜில் மூன்று பவுண்டு போலக் கூடுதலாகக் காட்டும். அது இல்லாவிட்டால் 70-தான் நின்றிருக்கும். 58-க்குக் காரணம் வேறு. உள் டயரின் வால்வை வெளியே எட்டும்படி நீட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டிருந்தார்கள். அதன் மரையில் கசிவு.

மகனின் காரில் இந்த அளவு இறங்கினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும். 2000-ல் ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பட்டை உரிந்து பலர் செத்து, அறுபத்தைந்து லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கியதை அந்தக் காலத்துப் பேப்பரில் நானே படித்திருக்கிறேன். அதன்பின் வந்த சட்டத்தால்தான் அங்கே 2008 மாடலிலிருந்து காற்று கால்வாசி குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று ஆனது. ஆனால் அந்த விதி 4,536 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளோடு சரி. குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போகிற வண்டிக்கு விளக்குக் கட்டாயமில்லை. என்ன கணக்கோ!

இனி அந்த டிபன் பாக்ஸ். சிகரெட் லைட்டர் குழியில் செருகி முன் டயரில் மாட்டினான். ஏழு பவுண்டு ஏற நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது டயருக்கு இன்னும் கொஞ்சம் கூட. மூன்றாவதாக அந்த 58-ல் மாட்டினான். 66 வந்தது. அப்புறம் மோட்டார் கத்துகிறது, முள் நகரவில்லை. இழை கருகுகிற வாடை. படக்கென்று நின்றுவிட்டது. பெட்டியைத் தொட்டவன் கையை உதறினான். “அப்பா, இதுல 150 பவுண்டுன்னு போட்டிருக்குதுங்களே!”

போட்டிருந்தது, நிஜம்தான். நிமிடத்துக்கு 35 லிட்டர் என்றும் போட்டிருந்தது. அந்த 35 லிட்டர், எதிரே ஒன்றும் இல்லாமல் வெட்டவெளியில் ஊதும்போது வருகிற கணக்கு. டயருக்குள் 70 பவுண்டு திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும்போது எத்தனை லிட்டர் தரும் என்பது அட்டைப்பெட்டியில் எங்கேயும் இல்லை. 150 என்பதும் அது திணறி நிற்கப்போகிற எல்லை, வேலை செய்கிற இடம் அல்ல. போர் வண்டிக்கு கம்ப்ரசர் வாங்கப் போயிருந்தால் ‘எத்தனை பவுண்டில் எத்தனை சி.எஃப்.எம்.’ என்றுதான் என் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்திருக்கும். சின்னச் சாமான்தானே என்று விட்டேன். பெரிய இயந்திரத்திடம் காட்டுகிற புத்தியைச் சின்னதிடம் காட்டாதது என் திமிர்.

லைட்டர் குழிக்கு ஃபியூஸ் பதினைந்து ஆம்பியர். பன்னிரண்டு வோல்ட்டில் அது 180 வாட். நம் வீட்டு மிக்சியே 500, 750 வாட். சட்னி அரைக்கப் போதாத பலத்தை வைத்துக்கொண்டு ஏழு டன் வண்டியைத் தாங்கும் காற்றை அடைக்கப் பார்த்திருக்கிறோம்.

பக்கத்து இடத்தில் நின்ற வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இறங்கி வந்தார். என் வயது இருக்கும். எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது போல. ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, மகனை இன்ஜினை ஓடவிடச் சொல்லி, பானெட்டைத் திறந்து பேட்டரியிலேயே இரண்டு கிளிப்பைக் கடிக்கவைத்தார். முப்பது ஆம்பியர் இழுக்கும், லைட்டர் குழி இதைத் தாங்காது என்றார். முப்பது அடி ஓஸ் பின் சக்கரம்வரை எட்டியது. அதன் முனையில் இருந்த சாமானைத்தான் நான் ஆசையாக வாங்கிப் பார்த்தேன். நீளக் கம்பி மாதிரி, தலையில் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு வாய். உள் டயரின் வால்வு நம்மைப் பார்த்து நிற்கும், வெளி டயரின் வால்வு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்பக்கம் பார்க்கும். இரண்டையும் ஒரே கம்பி பிடித்துவிடும். கசிகிற எக்ஸ்டென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக வால்விலேயே பிடித்தார். மீதி டயர்கள் பத்து நிமிடத்துக்குள் முடிந்தன. நான் தமிழில் நன்றி சொன்னேன், அவர் அவர் மொழியில் ஏதோ சொன்னார்.

ஃபீனிக்ஸ் திரும்பியதும் மகன் போனில் விதவிதமாகக் காட்ட ஆரம்பித்தான். ட்ரில்லிங் மிஷின் போலக் கையில் பிடிக்கும் பேட்டரி ரகம்: காருக்கு அழகாக இருக்கும், 80 பவுண்டு ஆறு டயருக்கு ஆகாது. தட்டையான டேங்கு வைத்த ரகம் 120 வோல்ட்டில் ஓடும். டேங்கே இருபத்து மூன்று லிட்டர் பிடிக்கும், வேலையில் நல்ல சாமான். ஆனால் அதை வீட்டு ஷெட்டில் வைக்கலாம். டயரை ஓடுவதற்கு முன்னால், குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடானால் காற்று விரிந்து கேஜ் பொய் சொல்லும். அதனால் பெட்ரோல் பங்குக்குப் போய்ப் பிடிக்கலாம் என்பதும் சரிவராது, போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். பிளக் இல்லாத கேம்ப்கிரவுண்டில் விடியற்காலை வேலை செய்கிற சாமான்தான் எங்களுக்கு வேண்டியது. டீசல் இன்ஜின் பின்னால் வைத்த பஸ் போன்ற பெரிய ஆர்.வி.களுக்கு ஏர் பிரேக் உண்டு. நம் லாரி டிரைவர் செய்வதுபோல அந்த டேங்கிலிருந்தே ஓஸ் மாட்டிக்கொள்ளலாம். இதற்கு ஆயில் பிரேக்.

கடைசியில் இரண்டில் வந்து நின்றது. இரண்டுமே பேட்டரியில் கிளிப் மாட்டுகிற ரகம், இரண்டும் 150 பவுண்டு. ஒன்று 100 பவுண்டு அழுத்தத்தில் ஓயாமல் ஓடுமாம், டூட்டி சைக்கிள் 100 சதவீதம். இன்னொன்று 33 சதவீதம். பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் சும்மா இருக்க வேண்டும். ஆனால் ஓடும்போது காற்று கூடுதலாகத் தரும், விலையும் குறைவு. மகனுக்கு முதலாவதின் மேல் கண். இருபத்திரண்டரை இஞ்ச் சக்கரத்துக்கு நூறு, நூற்றுப்பத்து பவுண்டு ஏற்றுகிறவனுக்கு அது சரி. நமக்குப் பதினாறு இஞ்ச் சக்கரம், ஏழெட்டுப் பவுண்டு ஏற்றுகிற வேலை, பத்து நிமிடத்தில் முடிகிற காரியம் என்றேன். “ஓய்வு வேணும்னு முன்கூட்டியே சொல்ற மிஷின வாங்குடா கண்ணு” என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

தெரியும். 1998-ல் ராஜஸ்தானில் மூன்றாவது ராத்திரியாக ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு குழி முடிந்தால் அடுத்த குழி, சீசன் சமயம். ஸ்க்ரூ கம்ப்ரசர் ஹீட் ஏறித் தானாக நின்றது. ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் விட்டேன். அந்த முக்கால் மணி நேரத்தில் பையன்களை ராடு அடுக்கச் சொன்னேன். ஒடிசாப் பையன் ஒருவன் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான். இரண்டு ராடுக்கு நடுவே வலது கை. இரண்டு விரல் போயிற்று. வைத்தியச் செலவு பார்த்தேன், கையில் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பினேன். மிஷினை ஆறவிட்டவன் அவனை ஆறவிடவில்லை என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுபடி அமெரிக்காவுக்கு மகனிடம் போனது 2024 பிப்ரவரியில். வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தது, டயரெல்லாம் அறுபதுக்குப் பக்கத்தில். காலையில் புதுக் கம்ப்ரசரை மாட்டினான். நாலு டயர் முடியும்போது பத்து நிமிடம் ஆகிவிட்டது. நிறுத்தினான். இருவரும் வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவன் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் இருக்கும்போது இவனோடு சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் பேச முடியாது, போன் அடித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்குத் தானாகப் பேசினான். ராத்திரி இரண்டு மணிக்கும் ஆபீஸ் போன் வருமாம். வாரக்கணக்கில் அப்படித்தானாம். நெஞ்சு படபடவென்று அடித்து ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, எங்களிடம் சொல்லவில்லையாம். ஆர்.வி. வாங்கியதே அதற்கப்புறம்தானாம்.

என்ன சொல்வதென்று தெரியாமல், “இருபது நிமிஷம் ஆயிருச்சா?” என்று கேட்டேன்.

“ஆயிருச்சுங்கப்பா.”

எழுந்துபோய்ப் புறங்கையை கம்ப்ரசர் தலையில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். மாட்டலாம்.

“இன்னும் சுடுதுடா” என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.