கவசத்தின் எடை

‘கவசம்’ என்னும் சொல் நம்மில் பலருக்குக் கர்ணனை நினைவூட்டும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாழும் மக்களுக்கோ அது சோறு தரும் தொழிலையே நினைவூட்டும். 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து ‘விஜயந்தா’ என்னும் பீரங்கி வண்டி முதன்முதலாக வெளிவந்தது. ‘அர்ஜுன்’ வண்டியை வடிவமைத்த ஆய்வு நிறுவனமும் இவ்வூரில்தான் உள்ளது. அடுத்திருக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, தகடு வெட்டுவதும் துளையிடுவதும் கம்பி வளைப்பதும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்த கைப்பழக்கங்கள். ஆகவே, நம் பங்கின் இளைஞர் ஒருவர் பழங்காலப் போர்வீரனின் இரும்புச் சட்டையொன்றைத் தாமே செய்ய முற்பட்டபோது, அவரது கைத்திறனைப் பற்றி எவரும் ஐயுறவில்லை. “எதற்காக?” என்னும் கேள்விதான் எழுந்தது. அக்கேள்வி நம்மையும் சில மாதங்கள் விடாமல் தொடர்ந்தது.

மேலை நாடுகளில் இஃது ஒரு பொழுதுபோக்கு. 1966ஆம் ஆண்டு மே முதல் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், வீடொன்றின் பின்புறத் தோட்டத்தில் நண்பர்கள் சிலர் கூடி இடைக்கால வீரர்களைப் போல் உடுத்தி விளையாடினார்கள். அவ்விளையாட்டிலிருந்து பிறந்த அமைப்பு இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயர் பகுதியில், ஊர் விழா ஒன்றையொட்டி 1972இல் தோன்றிய குழு, உரோமை வீரரின் படைக்கலங்களை அகழ்வாய்வுச் சான்றுகளின்படி செய்து அணிவதையே தன் நோக்கமாகக் கொண்டது. பகலெல்லாம் அலுவலகத்திலோ கடையிலோ பணிபுரிந்துவிட்டு, மாலையில் உலைக்கும் சுத்தியலுக்கும் திரும்பும் மனிதர்கள் இவர்கள். பொத்தான் ஒன்று தவறான நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருந்தால்கூட அவர்களுக்கு உறக்கம் வராது.

நமக்கும் இதில் ஒரு மரபு உண்டு. கேரளக் கடலோர இலத்தீன் வழிபாட்டுக் கத்தோலிக்கர்கள் ஆடிவரும் சவிட்டு நாடகத்தில் கார்ல்மான் என்னும் சார்லமேன் பேரரசனும் அவனுடைய பன்னிரு வீரர்களும் மரமேடை அதிர அடிவைத்து வருவார்கள். கொச்சிக்கு வடக்கே கோதுருத்து என்னும் ஊர் இக்கலைக்குப் பெயர் பெற்றது. அந்நாடகங்களின் பழைய பாடல்களில் தமிழே மிகுந்திருக்கிறது. அவற்றுக்கு ஆசானாகச் சின்னத்தம்பி அண்ணாவியாரைக் குறிப்பிடுவது மரபு. ஐரோப்பாவின் இடைக்கால வீரர்களை நம் கடற்கரை உழைப்பாளிகள் தமிழ் பேச வைத்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கதன்றோ! அங்கே கவசம் என்பது வெல்வெட்டும் பொன்னிறச் சரிகையும்தான். வரலாற்றுத் துல்லியம் அவர்களின் நாட்டமன்று. வறுமைக்கு நடுவே ஓரிரவேனும் மாட்சியைக் கண்ணால் காண்பதே அவர்களின் நாட்டம். ஆவூரிலும் இடைக்காட்டூரிலும் பெயர் பெற்ற பாஸ்கா நாடகங்கள் நம் தமிழகத்தின் செல்வம். சிற்றூர்ப் பங்குகளிலும் பாடுகளின் காட்சியை நடிப்பதுண்டு; அங்கெல்லாம் உரோமை வீரனுக்கு அட்டையும் தகரமும் ஜிகினாத்தாளுமே கவசம்.

நம் பங்கிலும் அப்படித்தான் நடந்துவந்தது. ஓராண்டு, திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில், புனித வெள்ளியன்று தெருவழிச் சிலுவைப்பாதையில் வீரனாக நடிக்கவிருந்த அந்த இளைஞர் நம்மிடம் வந்து, “ஃபாதர், நெஜமா அவங்க என்ன போட்டிருந்தாங்க?” என்று கேட்டார்.

குருமடத்தில் விவிலிய வரலாறு பயின்ற நாள்கள் நம் நினைவுக்கு வந்தன. திரைப்படங்களில் நாம் காணும், பட்டை பட்டையாகத் தகடுகளைக் கோத்த கவசம், 1964இல் இங்கிலாந்தின் கோர்பிரிட்ஜ் என்னுமிடத்தில் மரப்பெட்டி ஒன்றில் கிடைத்த புதையலால் நன்கு விளங்கியது. ஆயின் பிலாத்துவின் கீழ் யூதேயாவில் இருந்தவை உரோமைக் குடிமக்களின் பெரும்படைகள் அல்ல; அவை சிரியாவில் இருந்தன. யூதேயாவில் இருந்தவை துணைப்படைகள். செசரியா, செபஸ்தே முதலிய அக்கம்பக்கத்து நகரங்களில் கூலிக்குச் சேர்ந்தவர்களே அவற்றில் மிகுதி. அவர்கள் உடலில் இருந்திருக்கக்கூடியது இரும்பு வளையங்களைக் கோத்த சட்டைதான். அதே வளையச் சட்டையே பின்னர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் இடைக்கால வீரர்களையும் மூடியிருந்தது. இதை நாம் விளக்கியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்போ அவனும் கான்டிராக்ட் ஆளுதானா?” என்றார். மறையுரைக்காக நாம் புரட்டிய எந்த நூலும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

வேலை தொடங்கியது. ஜி.ஐ. கம்பியை எட்டு மில்லிமீட்டர்க் கம்பியின் மீது சுற்றிச் சுருளாக்கி, ஒவ்வொரு சுற்றாக வெட்டினால் வளையம் கிடைக்கும். ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைப் பற்றிக்கொள்ளுமாறு கோத்து, இடுக்கியால் வாயை மூட வேண்டும். பண்டைய கொல்லர்கள் வாயைத் தட்டையாக்கித் துளையிட்டு, மிகச் சிறிய ஆணி அடித்து இறுக்கினார்கள். நம் இளைஞரிடம் அதற்கான கருவி இல்லை. சட்டை முடிந்தபோது ஏறத்தாழ 19,000 வளையங்கள், ஒன்பது கிலோ எடை. கம்பியின் நீளம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல். இரவுக்கு இருநூறு வளையங்கள் என்று கணக்கிட்டால் தொண்ணூற்றைந்து இரவுகள்.

அந்த இரவுகளைப் பற்றித்தான் அவருடைய தாயார் நம்மிடம் முறையிட வந்தார். “சாமி, கம்பெனியிலே ஓ.டி. நின்னு நாலு மாசம் ஆவுது. பொண்ணு கல்யாணக் கடன் அப்படியே நிக்குது. இவன் என்னடான்னா ராத்திரியெல்லாம் கம்பியை வளைச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான்.” வீட்டிலிருந்தபடியே தையல் எந்திரம் மிதித்துக் குடும்பத்தைத் தாங்கும் தாய் அவர். அவருடைய வாதத்தில் ஒரு குறையும் இல்லை. கடன்பட்ட வீட்டில் காசு வராத உழைப்பு கண்ணை உறுத்துவது இயல்பே.

நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். வாசற்படியில், தெரு விளக்கின் ஒளியில் அவர் அமர்ந்திருந்தார். தாயின் மனக்குறையை எடுத்துச் சொன்னோம். அவர் தலை நிமிராமலே மறுமொழி சொன்னார். “ஃபாதர், கம்பெனியிலே ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பீஸ் அடிக்கிறேன். அது எந்த வண்டியிலே, எந்த எடத்திலே போய் உக்காருதுன்னு எனக்குத் தெரியாது. இந்த வளையம் எங்கே போவுதுன்னு எனக்குத் தெரியும்.”

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். உழைப்பின் மதிப்பைச் செய்யப்படும் பொருளைக்கொண்டு அல்ல, செய்கின்ற மனிதரைக்கொண்டே அளக்க வேண்டும் என்பது அதன் உயிர்க்கருத்து. அதை நாம் பலமுறை மேடைகளில் விளக்கியதுண்டு. விளக்கம் பெற்றதோ அந்த வாசற்படியில்தான். எனினும் சுற்றுமடல் கடனை அடைக்காது என்பதும் நமக்குத் தெரியும். கம்பியின் செலவை இளைஞர் குழு ஏற்பதென்றும், இரவு பத்து மணிக்குமேல் இடுக்கியைத் தொடக்கூடாதென்றும், ஞாயிறுதோறும் வெளி வேலை கிடைத்தால் முதலில் அதற்கே போக வேண்டுமென்றும் பேசி முடித்தோம். தாயார் அரைமனத்தோடு தலையசைத்தார்.

பங்குப் பேரவையில் வேறொரு எதிர்ப்பு எழுந்தது. “கிறிஸ்துவை அறைந்தவனுக்கு இத்தனை அலங்காரமா?” என்று பெரியவர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். பக்தியிலிருந்து பிறந்த கேள்வி அது, புறந்தள்ளத்தக்கதன்று. நாம் அவருக்கு விஸ்பி நகரத்தின் வரலாற்றைச் சொன்னோம். இன்றைய சுவீடனைச் சேர்ந்த கோத்லாந்து தீவின்மீது 1361ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டென்மார்க் மன்னன் வால்டெமார் படையெடுத்தான். விஸ்பி நகரின் மதிலுக்கு வெளியே அவனை எதிர்த்து நின்றவர்கள் உழவர்கள். மடிந்தவர்களைக் கோடை வெப்பத்தில் விரைந்து புதைக்க நேர்ந்ததால், பலர் கவசத்தோடேயே குழியில் இடப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அக்குழிகளைத் தோண்டியவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகளைக் கண்டார்கள். வளையத் தலைமறைப்புக்குள் மண்டையோடு அப்படியே இருந்தது. அவர்களுள் மீசை அரும்பாத சிறுவரும் முதியவரும் கால் ஊனமுற்றோரும் இருந்தனர். அணிந்திருந்தவற்றுள் பல, வழக்கொழிந்த பழங்கவசங்கள். ஓவியங்களில் மின்னும் இடைக்கால வீரனை அறிந்த உலகம், அந்தக் குழிகளில்தான் இரும்புக்குள் இருந்த ஏழையைக் கண்டது. ஜிகினாத்தாள் கவசம் வீரனை அலங்கரிக்கிறது. உண்மையான இரும்போ அவன் எதைச் சுமந்தான் என்பதைக் காட்டுகிறது. இதைக் கேட்ட பெரியவர், “செஞ்சி பாக்கட்டும் சாமி” என்றார்.

தவக்காலத்தின் நடுவே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பாதி முடிந்த சட்டையை அணிந்து பார்த்த இளைஞரின் தோள்களில் வளையங்கள் பதிந்து கன்றிப்போயின. பழங்காலத்தில் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உட்சட்டை இல்லாமல் எவரும் இரும்பை அணிந்ததில்லை. அடியைத் தாங்குவதில் பெரும்பங்கு துணிக்கே உரியது. அந்தத் தழும்பைக் கண்ட தாயார், யாரும் கேட்காமலே பழைய பருத்திப் போர்வையை நான்காக மடித்துத் தைக்க உட்கார்ந்தார். சிலுவைப்பாதைக்கு முந்திய வாரம் அந்த உட்சட்டை நம் பார்வைக்கு வந்தது. நெருக்கமான தையல்; தோளில் மட்டும் இரட்டை மடிப்பு. பதிற்றுப்பத்தில் சேர மன்னனைத் தன் வீரரின் ‘மெய்ம்மறை’ என்று அழைக்கக் காண்கிறோம். உடலை மறைத்துக் காப்பது என்பது பொருள். அச்சொல்லுக்கு நாம் அறிந்த மிகச் சிறந்த உரை அந்தப் போர்வைத்துணிதான்.

புனித வெள்ளியன்று காலை ஒன்பது மணிக்குச் சிலுவைப்பாதை புறப்பட்டது. பங்குனி வெயில். நான்காம் தலத்திலேயே அவ்விளைஞரின் முகம் சிவந்துவிட்டது. முந்திய ஆண்டுகளில் வீரர்கள் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு துள்ளி நடப்பார்கள், சிறுவர்கள் கைதட்டுவார்கள். இம்முறை வீரன் துள்ளவில்லை, துள்ள இயலாது. சிலுவை சுமந்தவர் விழுந்தபோது இவர் குனிந்து தூக்கினார். தூக்குவதற்குள் தாமே தள்ளாடினார். இருவரும் ஒரே மூச்சில் இரைத்தார்கள். ஆண்டவரைத் துன்புறுத்தியவனும் ஒரு சுமையின்கீழ் நடந்தான் என்பதை எந்த வசனமும் இன்றி மக்கள் கண்டார்கள். இதனால் பாவம் சிறிதாகிவிடாது. ஆனால் அதைச் செய்தவன் அரக்கன் அல்லன், கூலிக்காரன். கட்டளைக்குக் கீழ்ப்பட்டு, ஆடையைப் பங்கிட்டு, மாலையில் உறங்கப் போனவன். அரக்கனிலிருந்து நம்மை எளிதில் பிரித்துக்கொள்ளலாம். இவனிலிருந்து அவ்வாறு பிரித்துக்கொள்ள முடியுமா?

முடிவில், சக்ரீஸ்து அறையில் அவர் சட்டையைக் கழற்றியதைக் கண்டோம். வளையச் சட்டையை நிமிர்ந்து நின்று கழற்ற முடியாது. இடுப்பை வளைத்து, தலையைத் தரைநோக்கித் தாழ்த்தி, கைகளை முன்னே நீட்டிக் குலுக்கினால், அது தன் எடையாலேயே வழுக்கிக் கீழே விழும். தாயார் எதிரே நின்று கைப்பகுதிகளைப் பற்றிக்கொண்டார். இரும்பு மொத்தமாகத் தரையில் வீழ்ந்தது. மகனின் நனைந்த முதுகைத் துடைத்தவாறே அவர் சொன்னது ஒன்றுதான்: “இதையா இத்தினி நாளு செஞ்சே?” அதில் கண்டிப்பு இருந்ததா, பெருமை இருந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை; தாய்மாரின் சொற்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

கடன் இன்னும் முழுவதும் தீரவில்லை. சட்டையால் ஒரு ரூபாயும் வரவில்லை. ஆயினும் அந்தக் கேள்விக்கு, “எதற்காக?” என்னும் கேள்விக்கு, நமக்கு ஒரு விடை கிடைத்தது. மீட்பின் வரலாற்றில் பெரியவர்கள் பலர் கவசத்தைக் கழற்றியவர்கள். கோலியாத்தின் மார்புக்கவசம் ஐயாயிரம் செக்கேல் நிறை என்கிறது சாமுவேல் முதல் நூல். நம் கணக்கில் ஐம்பது கிலோவுக்கும் மேல். சவுல் தன் கவசத்தைத் தாவீதுக்கு அணிவித்தபோது, அவர் நடந்து பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். அசிசி நகரின் பிரான்சிஸ், 1202ஆம் ஆண்டுப் போரில் சிறைப்பட்டும் வீரனாகும் கனவை விடாமல், மீண்டும் படைக்கலம் பூண்டு புறப்பட்டு, ஸ்பொலேத்தோவிலிருந்து திரும்பி வந்தவர். எடையை அறிந்தவர்களுக்கே கழற்றுவதன் விடுதலை தெரியும். பதவி, சினம், பழைய மனத்தாங்கல், ‘நான் சொன்னதே சரி’ என்னும் பிடிவாதம் என்று நாம் ஒவ்வொருவரும் இரவுதோறும் ஒவ்வொரு வளையமாகக் கோத்து அணிந்திருக்கும் சட்டை ஒன்று உண்டு. அது தாளால் ஆனதுபோல் இலேசாகத் தோன்றுவதால்தான் கழற்ற நினைப்பதில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வழிபாடு தொடங்கியது. புனித வெள்ளியன்று குரு வருகைப் பாடலின்றி வந்து, வெறுமையான பீடத்தின்முன் முகங்குப்புற விழுந்து வணங்குவது திருச்சபையின் தொன்மையான வழக்கம். குருப்பட்டம் பெற்ற நாள்முதல் ஆண்டுதோறும் நாம் அவ்வாறு விழுந்து வணங்கியிருக்கிறோம். தரையின் குளிர்ச்சி நெற்றியில் பட்டபோது, அந்த இளைஞர் குனிந்த கோலமே நம் கண்முன் நின்றது. தலை தாழாமல் கழறும் கவசம் எதுவும் இல்லை.