அண்ணனூர்ல அஞ்சு நாள்!

ஆவடி லோக்கல்ல தினமும் தொங்கிட்டுப் போற ஆளா நீங்க? அப்போ அண்ணனூரைப் பார்த்திருப்பீங்க, ஆனா இறங்கியிருக்க மாட்டீங்க! திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவுல, ஃபாஸ்ட் லோக்கல் கண்டுக்காமப் பறக்கிற குட்டி ஸ்டேஷன். ராத்திரியானா யூனிட் ட்ரெயின்கள் இந்தப் பக்கம் இருக்கிற கார் ஷெட்டுக்குத் தூங்க வரும். காலேஜ்ல "எங்க ஊர் அண்ணனூர்"னு சொன்னா, "தம்பியூர் எங்கடா?"ம்பாங்க. மூணு வருஷமா அதே மொக்கை.

எங்க ஏரியாவுக்கு இன்னொரு முகமும் இருக்கு. ஒய்.எம்.சி.ஏ.வோட கேம்ப் டோனகெலா இந்தப் பக்கம்தான். மே மாசம்னா சர்ச்சுகளுக்கு டீன்ஏஜ் கேம்ப் சீசன். ப்ளஸ் ஒன் லீவுல நானும் ஒரு கேம்ப்புக்குப் போனேன். யார் நடத்தினாங்க, எந்த கேம்பஸ்ங்கிறது வேண்டாமே. மத்தவங்க ராயபுரம், பெரம்பூர், தாம்பரம்னு மூட்டை முடிச்சோட வந்தாங்க. எனக்கு வீடு நடக்கிற தூரம். அம்மா கையால தோசை அந்தப் பக்கம், கூட்டமா க்யூல நின்னு உப்புமா இந்தப் பக்கம். இதைவிடப் பெரிய சோதனை உண்டா, சொல்லுங்க!

முதல் நாளே ஒரு துணிப்பையை நீட்டி செல்போனை எல்லாம் வாங்கிட்டாங்க. அஞ்சரைக்கு மணி. குளிக்க ஆளுக்கு ரெண்டு பக்கெட் தண்ணி. அப்புறம் 'க்வைட் டைம்'. ஆளுக்கொரு மரம், கையில பைபிள், ஒரு நோட்டு, அரை மணி நேரம் யார்கூடவும் பேசக்கூடாது. அக்னி நட்சத்திர வெயிலைக்கூடத் தாங்கிடலாம். இந்த அரை மணி நேர அமைதி இருக்கே... முதல் நாள் எறும்பு எண்ணினேன். ரெண்டாம் நாள் ராத்திரி, சுவர் ஏறிக் குதிச்சு வீட்டுக்கு ஓடிடலாம்னு ப்ளானே போட்டேன். ஷெட்டுக்குப் போற ட்ரெயின் ஹார்ன் கேட்டுச்சு. எங்க வீட்டு மொட்டை மாடியில கேட்கிற அதே ஹார்ன்! ஏனோ போகலை.

இந்த மாதிரி கேம்ப் எல்லாம் நேத்து முளைச்சது இல்லை. 1885-ல சம்னர் டட்லிங்கிறவர் நியூயார்க் மாநிலத்துல ஏழே ஏழு பசங்களைக் கூட்டிட்டு ஒரு ஏரிக்கரையில டென்ட் போட்டார். அந்த ஒய்.எம்.சி.ஏ. கேம்ப்தான் இன்னிக்கும் 'கேம்ப் டட்லி'ங்கிற பேர்ல நடக்குது. மெட்ராஸ் ஒய்.எம்.சி.ஏ. 1890-ல ஆரம்பிச்சது. நம்ம நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, 1920-ல ஹாரி க்ரோ பக் தொடங்கினது. அவங்க சின்னத்துல இருக்கிற முக்கோணத்துக்கு உடல், மனம், ஆன்மான்னு மூணு பக்கம். கேம்ப் டைம்டேபிளும் அதேதான்: சாயங்காலம் வாலிபால் (அதுவும் ஒய்.எம்.சி.ஏ. ஆள் 1895-ல கண்டுபிடிச்சதுதான் பாஸ்!), மத்தியானம் கேள்வி-பதில், ராத்திரி பாட்டும் செய்தியும்.

அந்தக் கேள்வி-பதில் பத்தி சொல்லியே ஆகணும். ஒரு அட்டைப்பெட்டி வெச்சிருந்தாங்க. பேர் எழுதாம சீட்டு போடலாம். 'லவ் பண்றது பாவமா?' ரகம் எக்கச்சக்கம், சிரிப்பு சத்தம் கூரையைப் பிச்சுக்கிச்சு. மூணாம் நாள் ஒரு சீட்டு. 'ஆறு வருஷமா ஜெபம் பண்றேன். எங்கப்பா ஏன் இன்னும் குடியை விடலை?' ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். லீடர் அண்ணன் ரெடிமேடா ஒரு வசனம் சொல்லிட்டு அடுத்த சீட்டுக்குத் தாவிடுவார்னு நினைச்சேன். அவர் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துட்டு, "எனக்குத் தெரியலை"ன்னார். "ஆனா எழுதினவங்க என்கிட்ட எப்ப வேணா வந்து பேசலாம்"னார். அவ்ளோதான். அஞ்சு நாள்ல நான் கேட்ட பெஸ்ட் மெசேஜ் அதுதான்.

நாலாம் நாள், கடைசி ராத்திரி, கேம்ப் ஃபயர். நெருப்பு தணியத் தணிய கீபோர்ட்ல மெதுவா ஒரே கார்டு. "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவங்க எழுந்து நில்லுங்க." ஒவ்வொருத்தரா எழுந்தாங்க. அழுதாங்க. என் டீம்ல நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். திமிர் இல்லைங்க. முந்தின ரெண்டு கேம்ப்லயும் நான் முதல் ஆளா எழுந்தவன். ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் நோட்டுகூடக் காணாமப் போயிடுச்சு. மூணாவது தடவையும் அதையே செஞ்சா நடிப்பாயிடுமேன்னு பயம்.

எனக்கு அதுல இன்னிக்கும் ஒரு வருத்தம் உண்டு. நாலு நாளா சரியா தூங்காத பசங்க, இருட்டு, பாட்டு, பக்கத்துல அழற ஃப்ரெண்டு... இந்த நேரத்துல பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட வாழ்க்கை முழுசுக்குமான முடிவு கேட்கலாமா? காலையில டிபன் முடிஞ்சதும் கேளுங்களேன். அப்பவும் எழுந்தா அது நிஜம். நான் இதைச் சொன்னா எங்க வீட்லயே ஒத்துக்க மாட்டாங்க. "அந்த ராத்திரி எழுந்துதான்டா நான் திருந்தினேன்"னு மாமா சண்டைக்கே வருவார். அவர் நிஜமாவே திருந்தினவர்தான், அதனால அதுக்கு மேல பேச முடியாது.

நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து லீடர் அண்ணன் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். போச்சுடா, அட்வைஸ்னு நினைச்சேன். "காலையில பாத்திரம் உங்க டீம். மறந்துடாதே"ன்னுட்டு நெருப்பைப் பார்த்துட்டு இருந்தார்.

மறுநாள் காலையில நூத்துச் சொச்சம் தட்டு, சபீனா, தேங்காய் நார். அதிகம் பேசாத பெரம்பூர் பையன் ஒருத்தன் என் பக்கத்துல உட்கார்ந்து தேய்ச்சுட்டு இருந்தான். திடீர்னு தலையைத் தூக்காமலே, "அந்தச் சீட்டு நான் எழுதினதுடா"ன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அவன் பக்கம் இருந்த தட்டுல பாதியை என் பக்கம் இழுத்துக்கிட்டேன். துணிப்பையில இருந்து செல்போன் திரும்பி வந்ததும், முதல்ல சேவ் பண்ணினது அவன் நம்பரைத்தான்.

போன வாரம் பேசினான். அப்பா இன்னும் விடலையாம். இந்த மே மாசம் அதே கேம்ப்புக்கு வாலன்டியரா வர்றானாம். எந்த டிபார்ட்மென்ட்டுன்னு கேட்டேன்.

"பாத்திரம்தான். நீயும் வாடா, உனக்குத்தான் வீடு பக்கமாச்சே!"