நகலின் மூலம்

ஆரணியில் ஹம்மண்ட் ஆர்கன் ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ரோட்ஸ் பியானோவும் அப்படியே. கல்யாண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுவில் முப்பது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இருந்தும் இந்த முப்பது வருஷத்தில் நான் அதிகம் மெனக்கெட்டது இந்த இரண்டு வாத்தியங்களின் ஒலியை, அவை அல்லாத ஒரு பெட்டியிலிருந்து வரவழைக்கத்தான். முன்பு கீபோர்டிலேயே அடங்கிய ஒலிகள். இப்போது அதோடு ஒயரால் இணைத்த ஐபேடில் ஓடும் செயலிகள். 'நேரில் கேட்டே இராத ஒன்றின் நகல் நன்றாக இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்று கவிதை எழுதும் நண்பர் ஒருவர் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. ரில்கேயையும் போர்ஹேயையும் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிற எல்லோரையும் நோக்கிக் கேட்கக்கூடியது.

முதலில் வாத்தியங்களைப் பற்றி. ரோட்ஸில் தந்தி கிடையாது. கட்டையை அழுத்தினால் சிறு சுத்தி ஒன்று எஃகுக் கம்பித் துண்டை அடிக்கிறது. எதிரே இருக்கும் காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக்குகிறது. இதைச் செய்த ஹரால்ட் ரோட்ஸ், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்த சிப்பாய்கள் படுக்கையிலேயே வாசிக்க, விமான உதிரிகளைக் கொண்டு குட்டிப் பியானோக்கள் செய்து கொடுத்தவர். 73 கட்டைகள் கொண்ட மின்பியானோ 1965இல் வந்தது. வுர்லிட்ஸரில் கம்பிக்குப் பதில் தட்டையான எஃகு நாக்கு. நம் ஹார்மோனியத்து ரீடுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்; காற்று ஊதுவதற்குப் பதில் சுத்தி அடிக்கிறது, அவ்வளவுதான். நாக்கின் நுனியில் ஈயப் பொட்டு ஒன்று உண்டு. அதைச் சுரண்டினால் சுருதி ஏறும்.

ஹம்மண்ட் வேறு ஜாதி. லாரன்ஸ் ஹம்மண்ட் மின்கடிகாரம் செய்தவர். கடிகாரத்து மோட்டாரையே எடுத்து 91 சக்கரங்களைச் சுழலவிட்டு, ஒவ்வொன்றின் பல்லும் காந்தத்தைக் கடக்கும்போது எழும் மின்னலையை ஸ்வரமாக்கினார். 1935இல் விற்பனைக்கு வந்தது. இதன் சுருதியைத் தீர்மானிப்பது வீட்டுக்கு வரும் கரண்டு. அமெரிக்காவில் 60 சைக்கிள், நமக்கு 50. அங்கே செய்ததை அப்படியே இங்கே செருகினால் சுருதி ஒன்றரைக் கட்டைக்குச் சற்று மேலாகவே இறங்கிவிடும். நம்முடைய கரண்டுக்கென்று தனி மோட்டார் வேண்டும். அந்தந்த ஊர் மின்சாரத்தில் அந்தந்தச் சுருதியில் பாடும் வாத்தியம் என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

செய்தவர்கள் குறை என்று நினைத்ததைத்தான் வாசித்தவர்கள் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஹம்மண்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒன்பது தொடுமுனைகள். அவை ஒரே கணத்தில் தொடுவதில்லை. அதனால் ஸ்வரம் தொடங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். கம்பெனி அதை ஒரு கோளாறாகவே பார்த்தது. ஜாஸ்காரர்களும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வாசித்தவர்களும் அதை விரும்பினார்கள். டொனால்ட் லெஸ்லி 1940களின் தொடக்கத்தில் சுழலும் கூம்பும் சுழலும் உருளையும் வைத்து ஒரு ஸ்பீக்கர் செய்தார். ஹம்மண்ட் கம்பெனி அதை ஏற்கவில்லை. இன்று ஹம்மண்ட் ஒலி வேண்டும் என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது லெஸ்லியின் சுழற்சியைத்தான். ரோட்ஸிலும் அப்படியே. மெதுவாகத் தொட்டால் மணி, ஓங்கி அடித்தால் உறுமல். அந்த உறுமல், கம்பி காந்தத்தின் முன் அளவுக்கு மீறி ஆடுவதால் வரும் சிதைவு.

ஆகவே செயலியைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது குறைகளுக்கான குமிழ்களை. இன்றைய செயலிகளில் 'டக்' சத்தத்துக்கு ஒரு குமிழ், பக்கத்துச் சக்கரத்திலிருந்து கசியும் ஒலிக்கு ஒன்று, கம்பிக்கும் காந்தத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். கசிவைச் சுத்தமாக மூடினால் ஆர்கன் ஒலி பிளாஸ்டிக்காகிவிடுகிறது. நான் கால்வாசி திறந்து வைப்பேன். ஒன்பது இழுப்புக் கம்பிகளில் முதல் மூன்றையும் முழுக்க இழுத்து மற்றவற்றை மூடுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதோடு 'பெர்கஷன்' என்ற தட்டொலியைச் சேர்த்தால், கை முழுவதும் எடுத்த பிறகு வரும் முதல் ஸ்வரத்தில் மட்டும்தான் அது விழும். விரலை விடாமல் இழைத்து வாசித்தால் விழாது. இது தெரியாமல் வாசிக்கிறவன் கையில் எந்தச் செயலியும் ஆர்கனாகாது. ஆர்கனில் ஓங்கி அடிப்பதும் மெல்லத் தொடுவதும் ஒன்றுதான். ஏற்ற இறக்கமெல்லாம் வலது காலின் பெடலில் இருக்கிறது. லெஸ்லியின் வேகத்தை மாற்றும்போது கூம்பு சட்டென்று வேகம் பிடிக்கும், கனத்த உருளை நாலைந்து விநாடி தாமதித்து வந்து சேரும். இந்தத் தாமதம்தான் ஒலிக்குள் ஏதோ உயிருள்ள பிராணி எழுந்து நிற்பதுபோல் தோன்ற வைப்பது.

பியானோவுக்குப் பிரச்னை வேறு. மேடைக் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றின் கட்டை லேசானது. சாதாரணமாக அழுத்தினாலே உச்ச அளவான 127ஐத் தொட்டுவிடும். ஒவ்வொரு ஸ்வரமும் உறுமினால் உறுமலுக்கு அர்த்தமில்லை. தொடுகை அமைப்பை ஒரு படி கடினமாக்கி, பாட்டுக்கு நாலைந்து இடத்தில் மட்டும் உறுமல் வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இடது கையில் ஆதார ஸ்வரத்தைத் தொடாமலிருப்பதும் முக்கியம். அது பேஸ் கிடார்காரருடைய இடம்.

ஐபேடில் இன்னொரு விஷயம் தாமதம். விரலுக்கும் ஒலிக்கும் இடையே செயலி எடுத்துக்கொள்ளும் நேரம். பஃபரை 128இல் வைத்தால் அந்தக் கட்டத்தில் மூன்று மில்லி விநாடிதான் போகும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் நடக்க எடுக்கும் நேரம் அது. மேடையில் ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி நிற்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, செயலியைத்தான் சொல்கிறார்கள்.

ரோட்ஸின் ஸூட்கேஸ் மாடலில் ஒலி இடமும் வலமுமாக ஊசலாடும். ஹெட்போனில் கேட்டால் மயக்கும். நாங்கள் வாசிக்கும் திருவிழா மைக் செட்டுக்கு இடம் வலம் கிடையாது. இரண்டையும் சேர்த்து ஒரே ஒயரில் கொடுத்தால் ஒரு பக்கம் இறங்கும்போது மறுபக்கம் ஏறுவதால் ஊசல் இருந்த சுவடே தெரியாது. இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தால் அதே ஊசல் ஏற்ற இறக்கமாகக் கேட்கிறது. வுர்லிட்ஸரில் இயல்பாகவே உள்ளது அந்த மாதிரி நடுக்கம்தான். பாதி ஒலியைத் தள்ளிவிட்டால்தான் மீதி உயிர் பெறுகிறது. எடிட்டிங் பற்றிப் பேசும் எழுத்தாளர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் ஏதோ ஒன்று குறைந்தது. யூட்யூபில் அசலான ரோட்ஸ் வாசிப்புகளோடு ஒப்பிட்டால் என் செயலியின் ஒலி அநேகமாக அதேதான். ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல என்று மட்டும் தெரிந்தது. ஒரு நாள் ஈக்வலைஸரில் 200 சைக்கிளுக்குக் கீழேயும் 5,000க்கு மேலேயும் வெட்டிவிட்டேன். உடனே ஒலி தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. காரணம் பிற்பாடு புரிந்தது. மீடியம் வேவ் ரேடியோவில், கையளவு ஸ்பீக்கரில், மிஞ்சுவது ஏறத்தாழ அந்த நடுப்பகுதிதான். எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் வீட்டுக் குழித்தறிக்குப் பக்கத்தில் ஆணியில் ரேடியோ தொங்கும். இலங்கை வானொலி போகும். அப்பா மிதியை மாற்றி நாடாவை எறிந்து அச்சை அடிக்க, அதன் இடுக்குகளில் பாட்டின் முன்னிசையாக அந்த மணி ஒலி விழும். அது எந்த வாத்தியம் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. 1976இல் 'அன்னக்கிளி'யோடு இசையமைப்பாளரான இளையராஜா அதற்கு முன் பிறர் குழுக்களில் கிடாரும் ஆர்கனும் வாசித்தவர் என்பதும், அவர் குழுவில் விஜி மேனுவல் போன்றவர்கள் கீபோர்டில் என்ன செய்தார்கள் என்பதும் நான் வாசிக்க வந்த பிறகு தெரிந்துகொண்ட விவரங்கள். ஒலி அதற்கு முன்பே வந்துவிட்டது. நண்பர் கேட்ட மூலம் எனக்கு உண்டு. அது அமெரிக்காவில் இல்லை.

மூலம் என்பதே ஓரிடத்தில் நிற்பதில்லை. 1954இல் வந்த 'நாகின்' இந்திப் படத்துக்கு ஹேமந்த் குமார் இசை. அதில் பாம்பாட்டியின் மகுடி ஒலியைக் கிளாவியோலின் என்ற மின்வாத்தியத்தில் வாசித்தவர் கல்யாண்ஜி. அப்புறம் பாம்பாட்டிகளே அந்த மெட்டைத் தங்கள் மகுடியில் ஊதத் தொடங்கினார்கள். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, ஸ்டான்போர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த முறையில் எஃகும் சுத்தியும் இல்லாமல் ஒரு மின்பியானோவைக் கணக்கிட்டுத் தந்தது. ரோட்ஸ் மாதிரி இல்லை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று செயலிகளில் அந்த டிஎக்ஸ்7க்கும் விசுவாசமான நகல் கிடைக்கிறது. ஹார்மோனியத்தையே எடுத்துக்கொள்ளலாம். கமகம் பேசாத அந்நிய வாத்தியம் என்று அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை அதை வெளியே நிறுத்தியிருந்தது. அதே ஹார்மோனியத்தின் முன்னால்தான் தமிழ் நாடக மேடை பாடிக்கொண்டிருந்தது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் எல்லா நகலும் காலப்போக்கில் மூலம்தான் என்று முடித்துவிடலாம். பட்டு நெய்யும் ஊரில் இருந்துகொண்டு அப்படி முடிக்க முடியாது. கரையும் உடல் வேலைப்பாடும் உள்ள பட்டுப்புடவையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டம் போட்டது. விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்கும் புடவை நன்றாகவே இருக்கிறது. சில சமயம் கைத்தறியைவிடச் சீராக இருக்கிறது. அழகியல் அளவுகோலை மட்டும் வைத்தால் அதன் மீது குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் அந்த நகலுக்குக் கூலி கொடுத்தவன் யார் என்று கேட்டால் பதில் இருக்கிறது. எங்கள் தெருவில் அந்தப் பதிலுக்கு முகங்கள் உண்டு.

இசைக் குழுவிலும் இது நடந்தது. எங்கள் குழுவில் முன்பு வயலின்காரர் ஒருவர் இருந்தார். கீபோர்டில் வயலின் கூட்டொலி வந்த பிறகு அவரைக் கூப்பிடுவது குறைந்தது, அப்புறம் நின்றது. வரவேற்பு வைக்கிறவர்களுக்கு ஆள் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு. அந்தக் கூட்டொலியை வாசிப்பது என் இடது கை. இன்றும் வாசிக்கிறேன், பாட்டுக்கு வேண்டியிருக்கிறது. இப்போது வயலினுக்கு வில்லின் உராய்வு வரை கேட்கும் பிரமாதமான செயலிகள் வந்திருக்கின்றன என்கிறார்கள். வாங்கிப் பார்க்க எனக்குக் கை வருவதில்லை. பழைய கீபோர்டில் உள்ள, யாரும் நிஜம் என்று நம்பிவிட முடியாத அந்த வயலினையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆர்கனுக்கும் மின்பியானோவுக்கும் இவ்வளவு மெனக்கெடுவதன் காரணம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஒலி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஆரணியில் யாருடைய நாற்காலியும் காலியாவதில்லை. அதை வாசித்துப் பிழைத்தவர் இங்கே இல்லை. அது நகலாகவே வந்தது; ரேடியோவில், பாதி அலைகள் வெட்டுப்பட்டு, அச்சு அடிக்கும் சத்தத்தோடு கலந்து வந்தது. அதை மெருகேற்றும்போது நான் யாருக்கும் போட்டியில்லை.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர், அப்படியானால் நகலை எடைபோட இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்றார். எதைப்போல இருக்கிறது என்பது ஒன்று, யாருக்குப் பதிலாக இருக்கிறது என்பது இன்னொன்று. விமர்சகர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு இரண்டாவதுதான் தினசரி வருகிறது. ஐபேடில் புதுசாக ஏதாவது இறக்கும்போதெல்லாம் வருகிறது. ரோட்ஸைப் பொறுத்தவரை அதற்குப் பதில் சொல்வது சுலபம். மற்ற ஒலிகளுக்கு ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.